உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் விற்கும் ‘வரலாற்றுச் சுற்று’ காசுக்குப் பெறுமதியா?

இலங்கையின் கிழக்கே, திருகோணமலை (திருமலை) நகருக்கு வடக்கே உள்ள உப்புவெளியிலும் நிலாவெளியிலும் தங்கவருபவர்களுக்கு ஏறக்குறைய எல்லா விடுதிகளும் ஓட்டோவிலோ வானிலோ ஒருநாள் ‘வரலாற்றுச் சுற்று’ ஒழுங்கு செய்து தருகின்றன. பலகையில் எழுதியிருக்கும் இடங்களும் அநேகமாக ஒன்றுதான்: கோணேசர் கோயில், பிரட்ரிக் கோட்டை, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், மாபிள் பீச். சில விடுதிகள் புறாத் தீவையும் அதே நாளுக்குள் திணித்துவிடுகின்றன. தனி ஒரு விடுதியின் பெயர் சொல்லி மதிப்பிடுவது இங்கே நோக்கமல்ல. இந்தச் சேவை பொதுவாக எப்படி நடக்கிறது, எங்கே பிழையாகிறது, அதே காசில் எப்படித் திருத்தி வாங்கலாம் என்பதையே பார்க்கிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வாகனத்துக்கும் சாரதிக்கும் கொடுக்கும் பணம் நியாயமானது. திருமலைச் சாரதிகள் பாதையும் பார்க்கிங்கும் நன்றாகத் தெரிந்தவர்கள், பொறுமையானவர்கள். ஆனால் ‘வரலாறு’ என்ற சொல்லுக்காகக் கூட்டி வாங்கும் பணத்துக்குக் கிடைப்பது மிகக் குறைவு. இந்தக் கரை எப்படி விடுதிக் கரையானது, அதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்பதைக் காட்டும் இடங்கள் பட்டியலிலேயே இல்லை. அவற்றில் பெரும்பாலானவை விடுதியிலிருந்து நகருக்குப் போகும் அதே புல்மோட்டை வீதியிலோ அதன் பக்கத்திலோதான் இருக்கின்றன. வண்டி அவற்றைத் தாண்டித்தான் ஓடுகிறது.

முதல் கோளாறு நேரம். வழக்கமான சுற்று காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பது, ஒன்பதரைக்குக் கிளம்பும். கோயிலுக்கு ஏறும்போது பத்தைத் தாண்டிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்தரையில் நடக்க வேண்டிய இடம் அது. சித்திரை முதல் ஆவணி வரை பத்து மணிக்கு மேல் அந்தக் கல்லில் சின்னப் பிள்ளைகளால் நிற்க முடியாது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமைகளிலும் திருவிழா நாட்களிலும் வாகனம் மேலே போக முடியாமல் கீழேயே நின்றுவிடும். ஆகவே நிலாவெளியிலிருந்து ஆறு, ஆறேகால் மணிக்குக் கிளம்ப வேண்டும். ஏழு மணிக்குக் கோட்டை வாசலில் நின்றால் வெளிச்சமும் நல்லது, கூட்டமும் இருக்காது. காலைச் சாப்பாட்டைப் பார்சலாகக் கட்டித் தரும்படி முதல்நாள் இரவே சொல்லிவையுங்கள்.

கோட்டை வாசலில் வாகனத்தை நிறுத்தச் சொல்வதுதான் இந்தச் சுற்றின் மிக முக்கியமான திருத்தம். அநேகமான சாரதிகள் வாசலுக்குள் அப்படியே ஓட்டிப்போய் மேலே கடைத்தெருவில்தான் இறக்குவார்கள். ஆனால் படிக்க வேண்டியது வாசலிலேயே இருக்கிறது. அங்கே கட்டப்பட்டிருக்கும் கல்லில் இரட்டைக் கயல் சின்னமும், பக்கத்தில் தேய்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் உண்டு. குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயர்) பிரிப்பான் என்ற வாசகத்தின் துண்டுகள் அதில் இன்றும் தெரிகின்றன. காலைச் சாய்வெயிலில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழும். உச்சிவெயிலில் வெறும் கல்தான் கண்ணில் படும். ஏழு மணிக்கு வரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது. காவலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். முகாம் கட்டடங்கள் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

கோட்டையின் வரலாறு சிக்கலானது. வழிகாட்டிகள் அதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். நிற்கும்போது தலையில் வைத்திருக்க வேண்டியது இவ்வளவு: போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் சேர்த்து 1624இல் கோட்டை கட்டினார்கள். 1639இல் கண்டி அரசனோடு கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள், பின்னர் 1660களில் திருத்திக் கட்டினார்கள். 1672இல் ஒரு பிரெஞ்சுப் படை வந்து சிறிது காலம் குடாவில் கால் ஊன்றியது. 1782 ஒரு விசித்திரமான ஆண்டு: தை மாதத்தில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆவணியில் சுஃப்ரான் தலைமையில் பிரெஞ்சுக்காரர் அவர்களிடமிருந்து பறித்தார்கள், அடுத்த சில நாட்களில் வெளிக்கடலில் இரண்டு கடற்படைகளும் மோதின. பிறகு மறுபடி ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் நிலையாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. யோர்க் கோமகன் பிரட்ரிக்கின் பெயர் 1803இல் வைக்கப்பட்டது. ஒரே மதிலில் மூன்று நாட்டு வேலைப்பாடு தெரிவதற்கு இந்தக் கைமாற்றங்கள்தான் காரணம்.

உள்ளே, பின்னாளில் வெலிங்டன் கோமகனான ஆர்தர் வெல்லஸ்லி தங்கிய பங்களா ஒன்று இருக்கிறது. அங்கே நின்று சொல்லப்படும் கதை இப்படிப் போகும்: அவருக்கு இங்கே காய்ச்சல் வந்தது, அதனால் கப்பலைத் தவறவிட்டார், கப்பல் மூழ்கிப்போனது, இல்லாவிட்டால் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடிக்க ஆள் இருந்திருக்காது. பாதி உண்மை. 1800 முடிவிலும் 1801 தொடக்கத்திலும் அவர் திருமலையில் இருந்தார். ஆனால் காய்ச்சல் வந்தது இங்கிருந்து பம்பாய்க்குப் போன பிறகு. சூசன்னா என்ற கப்பலை அவர் தவறவிட்டதும் அங்கேதான். கதை சுவையாக இருக்கிறது என்பதற்காக ஊரை மாற்றிச் சொல்லக் கூடாது. திருமலைக்கு இரவல் பெருமை தேவையில்லை.

கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்கு பிஸ்கட், பழத்தோல், பொலித்தீனோடு எதையும் போட வேண்டாம். பொலித்தீன் இரைப்பையில் அடைத்து மான்கள் சாகும்.

கோயிலைப் பற்றித் தமிழருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம், ஈழத்துப் பஞ்ச ஈச்சரங்களில் ஒன்று. ஆனால் இன்று பார்க்கும் கட்டடம் பழையது என்று நினைத்துத் திரும்புபவர்கள் பலர். 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் உட்படப் பழைய செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் சுழியோடி மைக் வில்சனும் பாறையின் அடியில் மூழ்கிப்பார்த்து, கடலடியில் தூண்களும் செதுக்கிய கற்களும் கிடப்பதைப் படம் பிடித்தார்கள். 1963இல் புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இடிபட்ட கோயிலின் ஒரு பகுதி கோட்டை மதிலில், ஒரு பகுதி கடலுக்குள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் பக்கம் நின்று கீழே பாருங்கள். அந்தக் கற்களை நீருக்குள் பார்க்க விரும்பும் சுழியோடிகள் உப்புவெளிச் சுழியோடி நிலையங்களில் கேட்கலாம். பாறையடியில் அலை திரும்பி அடிக்கும், ஆழமும் சட்டென்று கூடும். சான்றிதழ் இல்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

எட்டரை மணிக்கெல்லாம் கீழே இறங்கிவிடலாம். அங்கிருந்து வழக்கமான சுற்று நேரே கன்னியாவுக்குத் திரும்பும். அதை நிறுத்தி நகருக்குள் இரண்டு இடம் கேளுங்கள். ஒன்று, உட்துறைமுகப் பக்கம் உள்ள கடல்சார் மற்றும் கடற்படை வரலாற்று அருங்காட்சியகம். ஒல்லாந்த ஆணையாளரின் இல்லமாக இருந்த பழைய கட்டடம் அது. தடித்த தூண்களும் நீண்ட விறாந்தையுமாக அந்த வீட்டைப் பார்ப்பதற்கே போகலாம். துறைமுகம் ஏன் இத்தனை பேருக்கு வேண்டியிருந்தது என்பது அங்கேதான் விளங்கும். முதலில் அதைப் பார்த்துவிட்டுக் கரைக்குப் போனால் பார்ப்பதெல்லாம் வேறு மாதிரித் தெரியும். விடுமுறை நாளை முதல்நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்றது, புனித ஸ்டீபன் கல்லறைத் தோட்டம். பழைய ஆங்கிலக் கல்லறைகள் நிறைந்த இந்த இடத்தைச் சாரதிகள் யாரும் தாமாகக் காட்டுவதில்லை. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஆஸ்டின் அடக்கம் செய்யப்பட்டிருப்பது இங்கேதான். 1852இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் போர்க்கப்பலில் இருந்தபோது வாந்திபேதியால் இறந்தவர். கல்லறைக்குள் புல் வளர்ந்திருக்கும் காலத்தில் மூடிய சப்பாத்து அவசியம், பாம்பு இருக்கும்.

கடற்படைத் தளத்துக்குள் இருக்கும் ஹூட் கோபுரமும் ஒஸ்டன்பேர்க் கோட்டையும் இதைவிடச் சுவையானவை. துறைமுக வாயைக் காத்த பீரங்கிகளின் இடமும், குடாவின் முழுத் தோற்றமும் அங்கிருந்துதான் கிடைக்கும். ஆனால் அது இயங்கும் படைத்தளம். அடையாள அட்டை வேண்டும், அனுமதி முன்கூட்டியே கேட்க வேண்டும், தளத்தில் அலுவல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘கட்டாயம் காட்டுவேன்’ என்று விடுதிக்காரர் முன்பணம் கேட்டால் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் பணத்தைப் பின்னால் தருவதாகச் சொல்லுங்கள்.

துறைமுகத்தைப் பார்த்த கையோடு 1942 ஏப்ரல் 9ஐப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையின் பாதி அடையாளங்கள் அந்த ஒரு நாளோடு சேர்ந்தவை. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்கள் (சேமிப்புத் தாங்கிகள்) நூற்றுக்கு மேல் கட்டப்பட்டிருந்தன. ஒரு விமானம் 91ஆம் குதத்தில் மோதி, நெருப்பு நாட்கணக்கில் எரிந்தது. உட்துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற சரக்குக் கப்பல் குண்டுபட்டது. அடுத்த ஆண்டு அதைத் தாழ்த்தி இறங்குதுறையாகப் பயன்படுத்தினார்கள். 2018இல் இலங்கைக் கடற்படை அதைக் கடலடியிலிருந்து எழுப்பி அப்புறப்படுத்தியது. இங்கிருந்து தப்பித் தெற்கே ஓடிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் அதே நாள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. 1944 ஆவணியில் இங்கிருந்த மிதக்கும் கப்பல் தளம், வேலியண்ட் என்ற போர்க்கப்பலை ஏற்றியிருந்த நிலையில் உடைந்து தாண்டது வேறு கதை. எண்ணெய்க் குதப் பகுதிக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. சீனக்குடா வீதியிலிருந்து தெரிவதே போதும்.

இனி வடக்கே திரும்பி, புல்மோட்டை வீதியில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். உப்புவெளியில் வீதியோரமாகவே பொதுநலவாயப் போர்க் கல்லறை இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. விடுதிக்குப் போகும் எல்லா வானும் அதன் மதிலைத் தாண்டித்தான் போகிறது. பராமரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கல்லில் பெயர், பதவி, வயது, படைப்பிரிவு எல்லாம் இருக்கும். இறந்த தேதிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் சற்றுமுன் கேட்ட ஆண்டுகள் முன்னால் வரிசையாக நிற்கும். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீர்ப் போத்தலைத் தவிர உணவு கொண்டு போக வேண்டாம்.

விடுதிகள் ஏன் நகரில் இல்லாமல் இங்கே வந்தன என்ற கேள்விக்கும் இந்த வீதியே பதில். நகரின் நல்ல குடாக்களைக் கோட்டையும் துறைமுகமும் கடற்படையும் எடுத்துக்கொண்டன. கடற்படைத் தளம் பிரித்தானியர் கையிலிருந்து இலங்கைக்கு வந்ததே 1957 ஒக்டோபரில்தான். 1966இல் சுற்றுலாச் சபைச் சட்டம் வந்து, அதன்பின் வகுத்த பத்தாண்டுத் திட்டத்தில் கிழக்குக் கரை ஒரு தனி வலயமாக ஒதுக்கப்பட்டபோது, விடுதிக்கு எடுக்கக்கூடிய நீண்ட மணற்கரை நகருக்கு வடக்கேதான் வெறுமையாக இருந்தது. வெறுமை என்பது திட்டம் போட்டவர்களின் பார்வை. கரைவலை இழுக்கும் இடங்களான பாடுகளும், பருவத்துக்கு மேற்குக் கரையிலிருந்து வந்து தங்கும் மீனவர்களின் வாடிகளும், வீதிக்கு மேற்கே உப்பளங்களும் அப்போதும் இருந்தன. வீதி கரைக்குச் சமாந்தரமாகச் சிறிது உள்ளே ஓடுகிறது. கடலுக்குப் போகக் குறுக்கே ஒழுங்கைகள். ஒவ்வொரு ஒழுங்கையின் முடிவிலும் ஒரு விடுதி. 1970களில் வந்த பெரிய ஹோட்டல்கள் போட்ட இந்தக் கோலம் இன்றுவரை மாறவில்லை. 1983க்குப் பிறகு பயணிகள் வரத்து அறுந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல்கோள் கரையோரக் கட்டடங்களை அடித்துப் போனது. 2009க்குப் பிறகுதான் மறுபடி வரிசையாகக் கட்டினார்கள். ஆகவே இன்று பார்க்கும் கட்டடங்களில் அநேகமானவை புதியவை. ‘பழைய விடுதி’ என்று யாராவது காட்டினால் எது பழையது, நிலமா கட்டடமா என்று கேட்க வேண்டும். சுற்றில் வரும் எந்தச் சாரதியும் இந்தக் கதையைச் சொல்வதில்லை என்பதுதான் எங்கள் பெரிய குறை. அதற்குப் புத்தகப் படிப்புத் தேவையில்லை, அவர்களின் வீட்டுப் பெரியவர்களே பார்த்தது.

நிலாவெளியில் பிள்ளையார் கோயிலுக்குக் கட்டாயம் போங்கள். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. கோணமாமலையின் மச்சகேசுவரத்துக்கு, அதாவது கோணேசர் கோயிலுக்கு, 250 வேலி நிலம் கொடுக்கப்பட்டதை அது பதிவு செய்கிறது. வெயில் குளிக்க வரும் கரை என்று இன்று அறியப்படும் இடம், ஆயிரம் ஆண்டுக்கு முன் கோணேசருக்கு நெல் அளந்த நிலம். ஊர்க் கோயில் என்பதால் சட்டை, சாரம் ஒழுங்காக இருக்கட்டும், பூசகர் இருக்கும்போது போய்க் கேட்டுப் பாருங்கள். கல்லில் சுண்ணாம்பு, மா, தண்ணீர் எதையும் தடவி எழுத்தை எடுப்பாகக் காட்ட முயல வேண்டாம். அது கல்லை அரித்துவிடும்.

பிற்பகலுக்குக் கன்னியாவா, வெல்கம் விகாரையா என்று கேட்டால் நாங்கள் இரண்டாவதைச் சொல்வோம். நகருக்கு வடமேற்கே பெரியகுளத்துப் பக்கம் காட்டோரமாக இருக்கும் இந்தப் பௌத்த விகாரைக்குச் சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். நாதனார் கோவில் என்றும் ஊரில் சொல்வார்கள். சோழர் ஆட்சியில் தமிழரே தானம் கொடுத்த பௌத்தப் பள்ளி, தமிழ்க் கல்வெட்டுகளோடு, இந்தத் தீவில் இப்படி நிற்பது அரிது. விளக்கு ஒன்றிலும் அந்தப் பெயர் தமிழில் பொறித்துக் கிடைத்தது. பாதையில் கடை இல்லை, தண்ணீர் எடுத்துப் போங்கள். பொழுது சாயும் நேரத்தில் யானை நடமாட்டம் இருக்கக்கூடிய பக்கம், நான்கரைக்கெல்லாம் வெளியே வந்துவிடுவது நல்லது. கன்னியாவில் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு, வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். இறந்தவர்களுக்கு அந்தியேட்டிக் கடன் செய்ய வரும் குடும்பங்கள் இருந்தால் அவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள். மாபிள் பீச் விமானப்படை நிர்வகிக்கும் அழகான, துப்புரவான குளிக்குமிடம். வரலாற்றுச் சுற்றில் அதற்கு வேலை இல்லை. நிலாவெளியிலிருந்து நகரைத் தாண்டிச் சீனக்குடாப் பக்கம் போய்வரும் நேரமே ஒரு அரைநாளைத் தின்றுவிடும்.

புறாத் தீவை இதே நாளில் சேர்க்கவே கூடாது. காரணம் காற்று. வைகாசி முதல் ஆவணி வரை காலையில் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து வீசும்போது கரையோரக் கடல் தட்டையாக இருக்கும், நீரும் தெளிவு. பிற்பகலில் கடற்காற்று எழும்பினால் அலை சுருண்டு மணல் கலங்கிவிடும். முகக்கண்ணாடி போட்டாலும் பவளம் தெரியாது. அதே கச்சான் ரப்பர் மிதவைகளைச் சத்தமில்லாமல் வெளிக்கடலுக்குக் கொண்டுபோய்விடும். கரை தட்டையாக இருக்கிறதென்று பிள்ளைகளை மிதவையில் விடாதீர்கள். முதல் படகில் போவதுதான் சரி. ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்றில் படகு ஓடுவதே சந்தேகம். அந்த மாதங்களில் ‘போகலாம்’ என்று சொல்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

தீவுக்கான செலவு இரண்டு துண்டு. வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு தலைக்கு இவ்வளவு என்று ஒன்று, உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் வித்தியாசம் பெரிது. படகுக் கூலி படகுக்கு இவ்வளவு என்று மற்றது. இருவர் போனாலும் பலர் போனாலும் படகுக் கூலி ஒன்றுதான் என்பதால் வேறொரு குடும்பத்தோடு சேர்ந்தால் கணிசமாக மிச்சம். விடுதி சொல்லும் ஒரே தொகையில் இந்த இரண்டும் அடங்கியிருக்கின்றனவா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதிகமான மனஸ்தாபம் இங்கேதான் கிளம்புகிறது. ஆங்கிலேயர் காலத்தில் சுடும் பயிற்சித் திடலாகப் பாவித்த தீவு, 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. உயிர்ப் பவளத்தில் நிற்பது, உடைந்த துண்டைப் பையில் போடுவது இரண்டும் குற்றம். ஆழம் குறைந்த இடத்தில் நிற்காமல் மிதக்கத் தெரியாதவர்கள் மிதவைச் சட்டையைக் கழற்ற வேண்டாம். கால் வைத்தால் பவளமும் போகும், காலும் கிழியும்.

விலை பேசும்போது இடங்களை வரிசையாக எழுதி வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: கோட்டை வாசல், கோயில், அருங்காட்சியகம், ஸ்டீபன் கல்லறை, போர்க் கல்லறை, நிலாவெளிப் பிள்ளையார் கோயில், மதியச் சாப்பாடு, வெல்கம் விகாரை. இதற்கு ஓட்டோ போதும். மூன்று பேருக்கு மேல் என்றால் வான். கிலோமீற்றருக்கா முழுநாளுக்கா, காத்திருப்பு நேரம் உட்பட்டதா, சாரதியின் சாப்பாடு யார் பொறுப்பு, தமிழ் பேசும் சாரதியா என்ற நான்கையும் அதே செய்தியில் கேளுங்கள். வழக்கமான சுற்றைவிட இந்தப் பாதையின் தூரம் கூடாது. மாபிள் பீச்சை வெட்டினால் குறையவும் கூடும். ஆகவே ‘இது விசேட சுற்று’ என்று கூட்டிக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு நாள் கையில் இருப்பவர்கள் மூதூருக்குப் போகலாம். 1660இல் கொட்டியாரக் குடாவில் ஆன் என்ற கப்பலோடு வந்திறங்கிப் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டு கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் அகப்பட்ட இடத்தில் நினைவுக்கல் இருக்கிறது. முன்பு கிண்ணியாவில் பாதைக்காக (வாகனங்களை ஏற்றும் மிதவைப் படகுக்காக) காத்துக் கிடக்க வேண்டும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் பாலம் திறந்த பிறகு வாகனத்திலேயே போய்விடலாம். விடுதிப் பொதியில் இதைத் தேட வேண்டாம், நகரிலிருந்து மூதூர் பஸ் எடுப்பதே மலிவு.